மூன்று சின்னம் குறைந்த சீட்டுக்கட்டு

1

போன வாரம் ராஜகீழ்ப்பாக்கத்தில் என் மகள் அஞ்சனா முதல் தடவையாக ஓட்டுப் போட்டாள். மெக்சிகோவில் லெயோன் என்கிற ஊரில், காலை டிபனுக்கு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தச் செய்தி வந்தது. ஃபோனில் சொன்னது என் அக்கா வசந்தா.

"விரல்ல மையோட தெரு முழுக்கச் சுத்திட்டு வரா. குளிக்கறப்பக்கூட அந்தக் கையை நனைக்க மாட்டேங்கறாடா" என்றாள்.

யாருக்குப் போட்டாள் என்று கேட்டேன். கட்டிக்கொண்டவனிடம்கூடச் சொல்லக்கூடாத விஷயம் அது என்று அக்கா அதட்டினாள். அக்கா பள்ளிக்கூட டீச்சர். தேர்தல் வேலைக்குப் போய்ப்போய்ப் பழகியவள்.

எனக்கு இந்த நாட்டில் ஓட்டில்லை. வெளிநாட்டுக்காரன் அரசியல் பேசினாலே தப்பு. சொந்த ஊர்ப் பட்டியலில் இருந்து என் பெயரை எப்போதோ எடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் வேடிக்கை பார்க்கிறவனாக இருந்து இருந்து அலுத்துவிட்டது. மகளாவது ஒரு பக்கம் போய்ச் சேர்ந்தாளே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். பட முடியவில்லை.

காரணம் இருக்கிறது. அஞ்சு அங்கே கல்லூரியில் முதல் வருஷம் முடிக்கிறாள். மீதிப் படிப்பை இங்கே வந்து எங்களோடு இருந்து படி என்று பொங்கலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். "யோசிச்சு சொல்றேம்பா" என்றவள் இன்னும் சொல்லவில்லை. என் மனைவி சுமதி அவளுக்கென்று ஓர் அறையை வெள்ளையடித்துக் கட்டில் போட்டு வைத்திருக்கிறாள். வருவாளா, மாட்டாளா என்பதைத் தவிர இந்த வீட்டில் கொஞ்ச நாளாக வேறு பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவளே ஃபோனுக்கு வருவாள் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

2

பல்லாவரம், குரோம்பேட்டை வழியாக ரயிலில் போனவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். எனக்குச் சோறு போட்டது அதுதான். தோல் பதனிடும் வேலை. லெயோன் மெக்சிகோவின் செருப்பு ஊர். இங்கேயும் தெருவுக்குத் தெரு தோல். எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே ஓர் ஆலையில் ஆள் கேட்டார்கள் என்று சுமதியையும் நாலு வயது அஞ்சுவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுமதி மூக்கைச் சுளித்தாள்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? இதுவும் பல்லாவரம்தானே" என்றாள்.

குடியேற்ற அலுவலகத்தில் முதல் தகராறு பெயரில். இங்கே மனிதனுக்கு அப்பா வழிப் பெயர் ஒன்று, அம்மா வழிப் பெயர் ஒன்று, இரண்டும் வேண்டும். என்னிடம் இருந்தது ஓர் இனிஷியல். 'ஆர்' என்றால் என்ன என்று கேட்டார்கள். ராமலிங்கம், அப்பா பெயர். அம்மா வழியில்? பாக்கியம் என்று அம்மாவின் பெயரையே சொல்லி வைத்தேன். அன்று முதல் நான் குமார் ராமலிங்கம் பாக்கியம். ஆலையில் யாராவது "ராமலிங்கம்" என்று கூவினால் நான் ஓட வேண்டும். செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறார்களே என்று முதல் வருஷம் மனசு கஷ்டப்படும். பிறகு பழகிவிட்டது.

பாஷையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு சீட்டுக்கட்டு. பக்கத்து வீட்டில் தோன்யா லூப்பே என்று ஓர் அம்மாள். தோன்யா என்பது மரியாதைக்கு முன்னால் சேர்ப்பது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவர் வீட்டு முற்றத்தில் லோட்டேரியா ஆடுவார்கள். பெயரைக் கேட்டு லாட்டரி என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்த் தம்போலாதான், எண்ணுக்குப் பதில் படம். ஆளுக்கு ஓர் அட்டை, அதில் பதினாறு படம். ஒருவர் கட்டிலிருந்து சீட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கூவுவார். கூவிய படம் உங்கள் அட்டையில் இருந்தால் அதன்மேல் ஒரு பீன்ஸ் கொட்டை. ஒரு வரிசை நிரம்பினால் "லோட்டேரியா" என்று கத்த வேண்டும்.

அந்தப் படங்களை நீங்கள் பார்க்க வேண்டும். நடை போடும் சேவல், சிவப்புப் பிசாசு, கைப்பையோடு ஒரு சீமாட்டி, முகம் வைத்த சூரியன், இறால், தவளை, அம்பு தைத்த இருதயம், தள்ளாடும் குடிகாரன். எல்லாமே பளிச்சென்ற வர்ணம், படத்துக்கடியில் பெயர். நம் ஊர்ப் பொட்டலில் முளைக்கும் சப்பாத்திக்கள்ளிக்கும் ஒரு சீட்டு உண்டு. அதை இவர்கள் பொரியல் செய்து சாப்பிடுகிறார்கள். சாவுகூட அரிவாளோடு ஒரு சீட்டில் நிற்கிறது, அது வந்தால் குழந்தைகள் கைதட்டுகிறார்கள். உலகத்தை முதுகில் தூக்கிக்கொண்டு குனிந்து நிற்கும் ஆள் ஒருவன் இருக்கிறான். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவனை நினைத்துக்கொள்வேன்.

கூவுகிறவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டார். தெருவில் நடந்த வம்பை, வீட்டில் நடந்த சண்டையை அந்தப் படத்தில் கோத்து விடுவார். சீமாட்டி வந்தால் யாருடைய மாமியாரோ மாட்டிக்கொண்டாள் என்று அர்த்தம். இந்த ஜனங்கள் இந்தப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள், மேஜை விரிப்பில் தைக்கிறார்கள், ரொட்டிக் கடைச் சுவரில் வரைகிறார்கள். வேறு வேறு ஊர்க்காரர்கள் சந்தித்தால்கூட இந்தச் சீட்டுகளை வைத்து ஒரு மணி நேரம் கேலி பேசிக்கொள்வார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருக்கும்.

நானும் படம் பார்த்துச் சொல் படித்தேன். ஆனால் சீட்டில் படித்தது வாயில் சரியாக வர வேண்டுமே. ஒரு நாள் ஆலையில் ரசாயனம் பட்டுக் கை வெந்துவிட்டது. டாக்டரிடம் போய்க் கை வலிக்கிறது என்றேன். கை அவர்கள் பாஷையில் பெண்பால், 'லா மானோ'. நான் 'எல் மானோ' என்று ஆணாக்கிவிட்டேன். வெறும் 'மானோ' இங்கே நம்முடைய 'மச்சான்'. டாக்டர் காதில் விழுந்தது, மச்சான் வலிக்கிறான். அவர் சிரித்து முடிக்கும்வரை வெந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

3

எனக்குத்தான் திக்கித் திணறல். அஞ்சுவுக்கு அப்படி இல்லை. இங்கே 'ஜ'வை 'ஹ' என்பார்கள், அதனால் அவள் அன்ஹானா ஆனாள். அதற்குத் திரும்பிப் பார்த்தாள், அஞ்சு என்றால் திரும்பவில்லை. பதினோரு வயதில் தமிழ் அவளுக்குப் புரியும், அவ்வளவுதான். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஸ்பானிஷில் பதில் சொல்வாள். லோட்டேரியாவில் அவள் கூவ ஆரம்பித்தால் தோன்யா லூப்பே கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். நானும் சுமதியும் பாதி புரியாமல் மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்போம். பெற்ற பிள்ளையின் வேடிக்கைப் பேச்சு புரியாமல் உட்கார்ந்திருப்பது சங்கடமான காரியம்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குக் கிளம்பினோம். கடைசி நேரத்தில் சுமதியின் காகிதங்கள் சிக்கிக்கொண்டன. அவள் பெயரில் இங்கே ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து. சரி செய்யாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப முடியாது என்றார்கள். நானும் அஞ்சுவும் மட்டும் போனோம்.

மீனம்பாக்கத்தில் இறங்கினதிலிருந்து அஞ்சு வாயைத் திறக்கவில்லை. சத்தம், புழுதி, கூட்டம் எல்லாம் சேர்ந்து மிரண்டுபோய், டாக்சியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரில் தேர்தல் நேரம், இரட்டை இலை முடங்கி அதற்குப் பதில் சேவல் நின்ற வருஷம். பல்லாவரம் தாண்டியதும் சுவர் ஆரம்பித்தது. சுண்ணாம்படித்து, ஒவ்வொரு கட்சியும் மடக்கிப் போட்டிருந்த சுவர்கள். ஒன்றில் சேவல். அடுத்ததில் சூரியன். அதற்கடுத்தது கை. பிறகு சுயேச்சைகளின் ஏணி, குடை, மணி, மீன்.

அஞ்சு என் சட்டையை விட்டாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எல் காயோ" என்றாள். சேவல். "எல் சோல். லா மானோ. லா எஸ்கலேரா." குரோம்பேட்டை முழுக்கக் கூவிக்கொண்டே வந்தாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "பாப்பா இன்னா சார் சொல்லிகினு வருது?"

"சின்னத்தையெல்லாம் படிக்கறா."

"அப்டியா. எந்தக் கட்சி பாப்பா நீ?"

அஞ்சு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். அவளாகத் தமிழில் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. "அப்பா, இங்க எல்லாரும் லோட்டேரியா விளையாடுது?"

"கிட்டத்தட்ட" என்றேன்.

4

அக்கா கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். மேடவாக்கத்தில் பள்ளிக்கூடம், ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. அடுத்த வீட்டில் ரோசலின், ஆஸ்பத்திரி நர்ஸ். எதிர் வீட்டில் ஆட்டோ ஓட்டும் மாரி. தேர்தல் வந்தால் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுச் சுவரெழுதப் போய்விடுவார். சூரியன் வரைவதில் தாம்பரம் வட்டாரத்தில் பேர் போன கை.

வந்த மறுநாளே அஞ்சு சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "எல்லாரும் வாங்க, சீட்டு போடலாம்" என்றாள். ஊரில் சீட்டு போடுவதென்றால் மாதச் சீட்டு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மெக்சிகோக்காரர் சீட்டுப் பிடிக்கிறாராம் என்று பெண்கள் ஆவலாக வந்துவிட்டார்கள். எத்தனை மாசச் சீட்டு, ஏலச் சீட்டா, குலுக்கலா என்று என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். விளக்கிச் சொன்னதும் பாதிப் பேர் ஏமாந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் அஞ்சுவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பீன்ஸுக்குப் பதில் அக்கா புளியங்கொட்டை கொடுத்தாள்.

மாரி தன் அட்டையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "பாப்பா, இதுல கை கீது. எனக்கு வாணாம். சூரியன் இருக்கறதா குடு."

"அந்தக் கையை இப்படிக் குடுங்க" என்று ரோசலின் பிடுங்கிக்கொண்டார். கை வருமுன்பே அதன்மேல் கொட்டையை வைத்துவிட்டார். அஞ்சு எடுக்கச் சொன்னாள். "வந்துடும்மா, எப்பவும் கைதான் வரும்" என்றார் ரோசலின்.

மாரிக்குக் கிடைத்த அட்டையில் சூரியன் இருந்தது. அதே வரிசையில் சேவலும் இருந்தது. சூரியன் வந்தபோது நெற்றியில் ஒற்றிக்கொண்டு கொட்டை வைத்தார். அந்த வரிசையில் மற்ற இரண்டும் வந்துவிட்டன. அப்புறம் அஞ்சு சேவலை எடுத்துக் கூவினாள். மாரி அசையவில்லை.

"வெச்சிடு மாரி, நீதான் ஜெயிக்கறே" என்றாள் அக்கா.

"தோத்தாலும் பரவால்ல டீச்சர். சேவலுக்கு என் கையால வெக்க மாட்டேன். நாளிக்கு எவனாச்சும் பாத்துட்டான்னா பேஜாராப் பூடும்."

அஞ்சு அவரையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ரொம்பப் பொறுமையாக, தமிழில், "மாமா, இது கட்சி இல்ல. இது கோழி" என்றாள்.

வாசல் முழுக்கச் சிரித்தது. மாரியும் சிரித்தார், கொட்டை மட்டும் வைக்கவில்லை. நான் சிரித்ததைச் சொல்ல வேண்டும். மகள் தமிழில் சொன்ன வேடிக்கைக்கு முதல் தடவையாக, யாரையும் பார்க்காமல் நானே சிரித்தேன். அன்றிலிருந்து தெருவில் அவள் பெயர் கோழிப் பாப்பா. சாயங்காலமானால் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று கூப்பிட்டார்கள். கிரீடத்துக்கும் குடிகாரனுக்கும் தமிழில் என்ன என்று கேட்டுக் கேட்டுக் கூவினாள். கேட்காத வார்த்தைகளையும் மாரியிடமிருந்து பொறுக்கிக்கொண்டாள்.

"இவளை ஒரு வருஷம் என்கிட்ட விடேன் குமாரு" என்றாள் அக்கா. சுமதி ஒத்துக்கொள்ள மாட்டாள் என்றேன். உண்மையும் அதுதான்.

5

பொங்கலுக்கு முன்னால் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்கள். எந்த அலுவலகம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. தேர்தல் பணியில் இருக்கும் டீச்சர் வெளிநாட்டில் அச்சடித்த சின்னங்களை வீட்டில் வைத்து விநியோகம் செய்கிறாராம். யாரோ மொட்டை மனு போட்டிருந்தார்கள். மாரி தானில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். இத்தனை வருஷத்தில் ஒரு மெமோ வாங்கினதில்லை அக்கா.

சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு மூவரும் போனோம். அதிகாரி நல்ல மனுஷர், தூக்கம் கெட்ட முகம். சீட்டுகளை மேஜையில் பரப்பினார்.

"இது எந்த நாட்டு எலெக்‌ஷன்?"

"எலெக்‌ஷன் இல்ல சார், விளையாட்டு" என்றாள் அக்கா.

அவர் பிசாசை எடுத்துப் பார்த்தார். "இந்தச் சின்னத்துல யார் நிக்கறாங்க?"

"யாரும் நிக்கல. அவரு சும்மா நிக்கறாரு" என்றாள் அஞ்சு.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மனு என்று ஒன்று வந்தால் நடவடிக்கை என்று ஒன்று இருக்க வேண்டுமல்லவா? யோசித்து, கட்டிலிருந்து மூன்று சீட்டை எடுத்தார். சேவல், சூரியன், கை. ஏணியையும் குடையையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தயங்கி, சுயேச்சைகள்தானே என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றையும் ஒரு பழுப்புக் கவரில் போட்டு ஒட்டிக் கையெழுத்திட்டார்.

"ரிசல்ட் வந்ததும் வந்து வாங்கிக்கம்மா. டீச்சருக்கு ஒண்ணும் வராது, நான் பாத்துக்கறேன்."

எங்கள் டிக்கெட் தேர்தலுக்கு முன்னால். வீட்டுக்கு வந்ததும் அஞ்சு பெட்டியிலிருந்து தன் துணிகளை வெளியே எடுத்து வைத்தாள்.

"நான் போக மாட்டேன். மூணு சீட்டு இல்லாம லோட்டேரியா இல்ல. நான் அத்தைகூட இருக்கு."

"இருக்கேன்" என்று திருத்தினேன்.

"இருக்கேன்" என்றாள்.

ஒரு மாதம்தானே, சீட்டை வாங்கிக்கொண்டு வரட்டும் என்றாள் அக்கா. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் தமிழ் பேசினால் நல்லதுதானே.

திரும்பி வந்தபோது சுமதி விமான நிலையத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். பிசாசு கதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"மூணு சீட்டுக்காகக் குழந்தையை விட்டுட்டு வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சீட்டுகள் சொன்னபடி திரும்பக் கிடைத்தன. கவர்கூடக் கிழியவில்லையாம். ஆனால் அதற்குள் அஞ்சு அக்காவோடு பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்திருந்தாள். பரீட்சை வரைக்கும் இருக்கட்டும் என்றார்கள். பரீட்சை முடிந்தது. இங்கே ஒரு வருஷப் படிப்பு போயே போய்விட்டது, இனி அடுத்த வருஷம் என்றார்கள். யாரும் தீர்மானம் செய்யவில்லை, அதுவாக ஆகிக்கொண்டு போனது. சுமதி போய் இரண்டு மாதம் இருந்தாள், அழுதாள், தனியாகத் திரும்பி வந்தாள். பிள்ளைகள் கையை விட்டுப் போய் வெளிநாட்டுக்காரர்களாகிவிட்டார்கள் என்று என்னைப் போன்றவர்கள் எழுதுவதைப் படித்திருப்பீர்கள். எங்கள் பிள்ளை கையை விட்டுப் போய் ஊர்க்காரி ஆகிவிட்டாள். இதை யாரிடம் சொல்லி அழுவது? நல்லதுதானே என்பார்கள்.

பதினாலு வயதில் ஒரு தடவை இங்கே லீவுக்கு வந்தாள். தோன்யா லூப்பே ஆசையாகக் கட்டை அவள் கையில் கொடுத்துக் கூவச் சொன்னார். சீட்டை எடுத்துப் படத்தைப் பார்த்து, கீழே இருக்கும் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். வேடிக்கை ஒன்றும் சொல்லவில்லை. தோன்யா லூப்பே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரில் அப்போது சாயங்காலம். சுமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில், ஃபோனில் காது வைத்து நின்றாள்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா? அம்மாக்கு முட்டி வலி எப்படி இருக்கு?" சரளமான தமிழ். மேடவாக்கத்துப் பஸ்ஸில் ஏறினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஓட்டைப் பற்றிக் கேட்டேன். நீண்ட வரிசை என்றாள், வெயில் என்றாள், மாரி மாமா தன் கட்சி ஜெயிக்குமென்று ஆட்டோவுக்கு மாலை போட்டுக்கொண்டு சுற்றுகிறார் என்றாள்.

"அந்த விஷயம் என்னம்மா யோசிச்சே?" என்றேன்.

"அப்பா, கோச்சுக்காதீங்க. எனக்கு இங்கதாம்பா சரியா இருக்கும். அங்க வந்து மறுபடி முதல்லேருந்தா? என்னால முடியாது." அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. பெரிய மனுஷி பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "அத்தைக்கும் வயசாகுது."

சுமதியின் மூச்சு என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. நான் சரி என்றேன்.

அஞ்சுவுக்கு எங்களைச் சமாதானம் செய்ய வேண்டும் போல இருந்திருக்கும். குரலை உற்சாகமாக்கிக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் டிசம்பர்ல வாங்கப்பா. போன தடவை மாதிரி லாட்ஜுல ரூம் எல்லாம் போடாதீங்க. மாடில ஒரு ரூம் கட்டியாச்சு, ஃபேன் இருக்கு. தண்ணி கொஞ்சம் கஷ்டம், லாரி வரும். பரவால்ல, எங்க வீட்டுலயே தங்கிக்கலாம்."

வைத்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். சுமதிதான் அதை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"'எங்க வீடு'ன்னா சொன்னா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"'நம்ம வீடு'ன்னு சொல்லலையே."

"சொல்லலை."

ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதில் பேசியிருந்தால் எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சுமதி அடுப்படிக்குப் போய் அணைத்த அடுப்பைத் திரும்பப் பற்ற வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே, "தமிழ் நல்லா வந்துடுச்சு அவளுக்கு" என்றாள்.